ஆங்கில வாக்கியத் திருத்தம்: ப்ரிபொசிஷன் ஃப்ரேஸ் எந்தச் சொல்லோடு ஒட்டுகிறது என்று கண்டுபிடிக்கும் வழி

"மேசை மேல் இருக்கும் புத்தகத்தை எடு." "புத்தகத்தை மேசை மேல் வை." முதல் வாக்கியத்தில் 'இருக்கும்' என்ற பெயரெச்சம் மேசையைப் புத்தகத்தோடு கட்டிப்போடுகிறது. இரண்டாவதில் அது இல்லை. 'மேசை மேல்' நேராக 'வை' என்ற வினைக்குப் போய்விடுகிறது. இதையே ஆங்கிலத்தில் சொல்லிப் பாருங்கள்.

"டேக் தி புக் ஆன் தி டேபிள்."
"புட் தி புக் ஆன் தி டேபிள்."

இரண்டிலும் அதே 'ஆன் தி டேபிள்', அதே இடம். இப்படி ப்ரிபொசிஷனில் (தமிழின் 'மேல்', 'இல்', 'ஆல்' போல உறவைக் காட்டும் சொல்லில்) தொடங்கும் சொற்றொடர்தான் ப்ரிபொசிஷன் ஃப்ரேஸ். இனி இதைத் 'துண்டு' என்றே சொல்வோம். ஆனால் முதலாவது புத்தகத்தைப் பற்றியது, இரண்டாவது வைக்கும் செயலைப் பற்றியது. தமிழில் எச்சமும் உருபும் காட்டிக்கொடுக்கும் உறவை ஆங்கிலத்தில் சொல் நிற்கும் இடத்தையும் பொருளையும் வைத்து நாமேதான் ஊகிக்க வேண்டும். எரர் ஸ்பாட்டிங், சென்டென்ஸ் இம்ப்ரூவ்மென்ட், சென்டென்ஸ் கரெக்ஷன் என்று எந்தப் பெயரில் கேள்வி வந்தாலும், தேர்வாளர் கை வைக்கும் இடங்களில் இது முக்கியமானது.

எஸ்எஸ்சி (மத்திய அரசுப் பணியாளர் தேர்வாணையம்), வங்கித் தேர்வுகளுக்குப் படிப்பவர்களை மனதில் வைத்து இது எழுதப்பட்டது. மேலாண்மைப் படிப்புக்கான நுழைவுத் தேர்வான ஜிமேட்டில் 2023 நவம்பரில் வந்த புதிய வடிவத்தில் சென்டென்ஸ் கரெக்ஷன் பகுதியையே எடுத்துவிட்டார்கள். ஆனாலும் அந்தப் பழைய கேள்விகளைத் தூக்கிப் போட வேண்டாம். மாடிஃபையர் (இன்னொரு சொல்லை விவரிக்கும் சொல் அல்லது துண்டு) பயிற்சிக்கு அவ்வளவு கறாரான கேள்விகள் வேறெங்கும் எளிதில் கிடைக்காது. உதாரணங்கள் தமிழ் எழுத்தில் இருக்கின்றன. வாய்விட்டுப் படித்து, நோட்டில் ஆங்கிலத்தில் எழுதிக்கொண்டு பென்சிலால் வேலை செய்யுங்கள்.

படி 1: துண்டு எங்கே தொடங்கி எங்கே முடிகிறது

இன், ஆன், அட், ஆஃப், ஃபார், ஃப்ரம், வித், பை, டு, அண்டர், பிட்வீன், டியூரிங், விதௌட், லைக், டெஸ்பைட் போன்றவை ஒற்றைச் சொல் ப்ரிபொசிஷன்கள். பிகாஸ் ஆஃப், அலாங் வித், இன் அடிஷன் டு, அக்கார்டிங் டு போன்றவை கூட்டாக வருபவை. துண்டு இவற்றில் ஒன்றில் தொடங்கி, அடுத்து வரும் பெயர்ச்சொல்லில் முடியும். நடுவில் எத்தனை அடைமொழி வந்தாலும் கவலையில்லை: "இன் தி ஓல்ட் ரெட் பில்டிங்" என்பதில் துண்டு 'பில்டிங்'கில்தான் முடிகிறது.

ஏமாறும் இடங்கள் மூன்று. 'டு'வுக்குப் பின் வினைச்சொல்லின் மூல வடிவம் வந்தால் அது ப்ரிபொசிஷன் இல்லை: "ஐ வான்ட் டு கோ." ஆனால் "ஐ ஆம் லுக்கிங் ஃபார்வர்ட் டு மீட்டிங் யூ" என்பதில் அது ப்ரிபொசிஷன்தான், அதனால்தான் 'மீட்' என்று வராமல் 'மீட்டிங்' என்று வருகிறது. சந்தேகம் வந்தால் 'டு'வுக்குப் பின் 'இட்' போட்டுப் பாருங்கள். "லுக்கிங் ஃபார்வர்ட் டு இட்" என்பது பொருந்தும், "வான்ட் டு இட்" பொருந்தாது.

இரண்டாவது, வினையோடு சேர்ந்தே பிறந்த சொல். "ஹி கேவ் அப் தி ஜாப்" என்பதில் 'அப்' என்பது 'கேவ்'வின் பாதி. அதைப் பின்னால் தள்ளி "கேவ் தி ஜாப் அப்" என்றாலும் வாக்கியம் நிற்கும். "ஹி வாக்ட் அப் தி ஹில்" என்பதை அப்படித் தள்ள முடியாது; அதில் 'அப் தி ஹில்' முழுத் துண்டு.

மூன்றாவது, ஆஃப்டர், பிஃபோர், சின்ஸ், அன்டில். பின்னால் வெறும் பெயர் வந்தால் ஃப்ரேஸ். எழுவாயும் வினையும் வந்தால் கிளாஸ், அதாவது துணை வாக்கியம். "பிஃபோர் தி எக்ஸாம்" ஒன்று, "பிஃபோர் தி எக்ஸாம் பிகேன்" வேறொன்று. 'டெஸ்பைட்'டுக்கு இந்த இரட்டை வாழ்க்கை கிடையாது. "டெஸ்பைட் ஹி வாஸ் இல்" என்று பார்த்ததும் தவறு என்று குறித்துவிடலாம். 'ஆல்தோ' வேண்டும், அல்லது "டெஸ்பைட் ஹிஸ் இல்னஸ்" என்று மாற வேண்டும்.

படி 2: துண்டுகளை அடித்துவிட்டு மிச்சத்தைப் படியுங்கள்

"தி குவாலிட்டி / ஆஃப் தி மேங்கோஸ் / இன் தீஸ் பாஸ்கெட்ஸ் / ஆர் வெரி குட்."

சாய்கோட்டுக்கு நடுவில் இருப்பதை அடித்தால் மிச்சம் "தி குவாலிட்டி ஆர் வெரி குட்." காதே சொல்லிவிடும், 'இஸ்' வேண்டும் என்று. அடிக்காமல் படித்தால் வினைக்குப் பக்கத்தில் உட்கார்ந்திருக்கும் 'பாஸ்கெட்ஸ்' ஏமாற்றிவிடும். ப்ரிபொசிஷனுக்குள் மாட்டிய பெயர்ச்சொல் எழுவாய் ஆகாது. இந்த ஒரு விதியை வைத்துக்கொண்டே ஒருமை பன்மைப் பிழைகளில் பெரும்பாலானவற்றைப் பிடித்துவிடலாம்.

"தி மினிஸ்டர், அலாங் வித் ஹிஸ் செக்ரட்டரீஸ், வாஸ் ப்ரெசென்ட்." அமைச்சரும் செயலாளர்களும் வந்தார்கள் என்று நம் மனம் பன்மைக்குத் தாவும். ஆனால் அலாங் வித், டுகெதர் வித், அஸ் வெல் அஸ், இன் அடிஷன் டு எதுவும் 'அண்ட்' ஆகாது. எழுவாய் அமைச்சர் ஒருவரே.

அடித்தால் தப்பாகும் இடமும் உண்டு. சம், எனி, நன், ஆல், மோஸ்ட், ஹாஃப் போன்றவை வந்தால் துண்டுக்குள் எட்டிப் பார்த்துத்தான் ஆக வேண்டும்: "சம் ஆஃப் தி மில்க் இஸ்", "சம் ஆஃப் தி பனானாஸ் ஆர்." அதேபோல் "தி நம்பர் ஆஃப் ஸ்டூடன்ட்ஸ் இஸ்", ஆனால் "எ நம்பர் ஆஃப் ஸ்டூடன்ட்ஸ் ஆர்." முதலாவது எண்ணிக்கையைப் பற்றியது, இரண்டாவது 'பல மாணவர்கள்'.

எஸ்எஸ்சியில் திரும்பத் திரும்ப வரும் ஒரு வகை: "ஹி இஸ் ஒன் ஆஃப் தி டீச்சர்ஸ் ஹூ ட்ராவல் டெய்லி." 'ட்ராவல்ஸ்' என்று மாற்றக் கை துறுதுறுக்கும். தமிழில் சொல்லுங்கள்: தினமும் பயணிக்கும் ஆசிரியர்களில் அவர் ஒருவர். பயணிப்பவர்கள் ஆசிரியர்கள். எனவே 'ட்ராவல்' சரி. 'ஹூ' இல்லாமல் "ஒன் ஆஃப் தி டீச்சர்ஸ்" என்று மட்டும் வந்தால் வினை ஒருமை.

வாக்கியம் ப்ரிபொசிஷனில் தொடங்கினால் எழுவாய் வினைக்குப் பின்னால் ஒளிந்திருக்கலாம். "அமங் தி ஃபைல்ஸ் வாஸ் ஆன் ஓல்ட் லெட்டர்" என்பதில் எழுவாய் கடிதம், கோப்புகள் அல்ல.

அடித்த பின் எழுவாயே மிஞ்சவில்லை என்றால்? தமிழில் யோசித்து ஆங்கிலத்தில் எழுதும்போது மிக அதிகமாக வருவது இந்தப் பிழைதான்:

தவறு: "பை ரீடிங் டெய்லி வில் இம்ப்ரூவ் யுவர் இங்கிலிஷ்."

'தினமும் படிப்பதால் உங்கள் ஆங்கிலம் மேம்படும்' என்பது மனதில் ஓடுகிறது. அந்தத் தமிழ் வாக்கியத்தில் எழுவாய் 'ஆங்கிலம்'. ஆங்கில வாக்கியத்தில் அது செயப்படுபொருளாகிவிட்டதால் எழுவாய் நாற்காலி காலி. 'பை'யை எடுத்துவிட்டு "ரீடிங் டெய்லி வில் இம்ப்ரூவ் யுவர் இங்கிலிஷ்" என்று எழுதலாம். 'பை' இருந்தே ஆக வேண்டுமென்றால் "பை ரீடிங் டெய்லி, யூ வில் இம்ப்ரூவ் யுவர் இங்கிலிஷ்." "இன் திஸ் புக் எக்ஸ்ப்ளெய்ன்ஸ்" என்பதும் இதே நோய்; 'இன்' போனால் சரியாகிவிடும்.

படி 3: ஒவ்வொரு துண்டையும் தமிழ்ப்படுத்திப் பாருங்கள்

தமிழ் தெரிந்தவர்களுக்கு இங்கே ஒரு சலுகை உண்டு. துண்டைத் தமிழில் சொல்லும்போது 'உள்ள', 'இருக்கிற', 'கட்டிய', 'வைத்திருக்கும்', 'உடைய' என்று ஏதாவது ஒன்றைச் சேர்க்க வேண்டியிருந்தால் அது பெயரோடு ஒட்டுகிறது. வெறும் உருபோடு நின்றால் வினையோடு ஒட்டுகிறது.

"தி மேன் வித் எ நைஃப் ரேன்": கத்தி வைத்திருக்கும் ஆள் ஓடினான். பெயருக்கு.
"ஹி கட் தி ரோப் வித் எ நைஃப்": கத்தியால் கயிற்றை அறுத்தான். வினைக்கு.

பெயரோடு ஒட்டுவது தன் பெயர்ச்சொல்லுக்கு அடுத்தபடியாகவே நிற்க வேண்டும். வினையோடு ஒட்டுவதற்குச் சுதந்திரம் அதிகம். வாக்கியத்தின் தலைக்கும் போகலாம், வாலுக்கும் போகலாம். 'ஆஃப்' துண்டுகள் அநேகமாக எப்போதும் பெயருக்குத்தான், அசைக்கவே கூடாது. இரண்டு விதமாகவும் தமிழ்ப்படுத்த முடிந்தால் அந்த வாக்கியத்தில் கோளாறு இருக்கிறது என்று பொருள்.

"தி போலீஸ்மேன் சேஸ்ட் தி தீஃப் ஆன் எ பைக்." பைக்கில் துரத்தினாரா, பைக்கில் போன திருடனைத் துரத்தினாரா? திருடன் என்றால் "தி தீஃப் ஹூ வாஸ் ரைடிங் எ பைக்" என்று விரிக்க வேண்டும். போலீஸ்காரர் என்றால் "ரைடிங் எ பைக், தி போலீஸ்மேன் சேஸ்ட் தி தீஃப்."

"ஷி சர்வ்ட் இட்லிஸ் டு தி சில்ட்ரன் ஆன் பனானா லீவ்ஸ்." குழந்தைகளை வாழை இலையில் உட்கார வைத்தாயிற்று. "ஷி சர்வ்ட் தி சில்ட்ரன் இட்லிஸ் ஆன் பனானா லீவ்ஸ்" என்றால் இலை இட்லிக்குப் பக்கத்தில் வந்துவிடும். இப்போது அதைப் பரிமாறுவதோடு ஒட்டினாலும் இட்லியோடு ஒட்டினாலும் பொருள் ஒன்றே. அந்த மாதிரி இரட்டை ஒட்டு யாருக்கும் கெடுதல் செய்யாது, அதைப் பிழை என்று குறிக்க வேண்டாம்.

காலத்தைச் சொல்லும் துண்டுகள் இன்னும் நைசாக ஏமாற்றும். "தி கலெக்டர் அனௌன்ஸ்ட் தட் ஸ்கூல்ஸ் வுட் ரிமெயின் க்ளோஸ்ட் ஆன் மண்டே." திங்களன்று விடுமுறை என்பது நேர்ப் பொருள். அறிவிப்பு வந்த நாள்தான் திங்கள் என்றால் "அனௌன்ஸ்ட் ஆன் மண்டே தட்" என்று வினைக்குப் பக்கத்தில் போக வேண்டும்.

துண்டுக்குப் பின்னால் 'விச்' வந்தால் கொஞ்சம் நிதானியுங்கள். 'விச்' பொதுவாகப் பக்கத்துப் பெயரைப் பிடிக்கும். ஆனால் "எ பேக் ஆஃப் ரைஸ், விச் வாஸ் டோர்ன் அட் தி பாட்டம்" என்பதில் அரிசி கிழியாது என்பதால் அது 'ஆஃப் ரைஸ்' துண்டைத் தாண்டிப் பையைப் பிடிக்கிறது, இதை ஏற்கலாம். "தி ரூஃப் ஆஃப் தி ஹவுஸ், விச் வாஸ் ரிபேர்ட்" என்பதில் கூரையும் பொருந்தும், வீடும் பொருந்தும். தெளிவான வேறு விடை இருந்தால் அதற்குப் போய்விடுங்கள்.

படி 4: வாக்கியத்தின் தொடக்கம்

இடமும் காலமும் சொல்லும் துண்டுகள் தொடக்கத்தில் வந்தால் யாரையும் தொந்தரவு செய்யாது. "இன் ஜூன், தி ஸ்கூல்ஸ் ரீஓப்பன்" என்பதில் தேட ஒன்றுமில்லை. கவனிக்க வேண்டியவை லைக், அன்லைக், அஸ், பிறகு 'இங்' வடிவத்தோடு வரும் பை, ஆஃப்டர், விதௌட், இன். கமாவுக்கு அடுத்து நிற்கும் எழுவாய்தான் இவற்றுக்குச் சொந்தக்காரராக இருக்க வேண்டும்.

தவறு: "அன்லைக் மதுரை, தி சம்மர் இன் ஊட்டி இஸ் மைல்ட்."

ஊரைக் கோடையோடு ஒப்பிட்டாயிற்று. "அன்லைக் மதுரை, ஊட்டி ஹேஸ் எ மைல்ட் சம்மர்" என்று ஊருக்கு ஊர் வைக்கலாம். அல்லது "அன்லைக் தி சம்மர் இன் மதுரை" என்று கோடைக்குக் கோடை வைக்கலாம். "லைக் ராதா, கமலா'ஸ் ஹேண்ட்ரைட்டிங் இஸ் நீட்" என்பதிலும் ராதாவை எதிர்கொள்வது கமலா இல்லை, கையெழுத்து. "லைக் ராதா'ஸ்" என்று வேண்டும்.

தவறு: "ஆஃப்டர் ஃபினிஷிங் தி டிகிரி, எ ஜாப் வாஸ் ஆஃபர்ட் டு ஹிம்."

பட்டம் முடித்ததும் அவனுக்கு வேலை கிடைத்தது. தமிழில் குற்றமே இல்லாத வாக்கியம், அதனால் நம் காது இடறுவதில்லை. 'செய்ததும்' என்பது வேறு எழுவாயை ஏற்கும். ஆங்கிலத்தின் 'இங்' அப்படியல்ல. இலக்கண வகுப்பில் படித்த 'செய்து' வாய்பாட்டு வினையெச்சம் போல, முடிக்கிற வினையும் தன் எழுவாயுடையதாகவே இருக்க வேண்டும் என்று அடம்பிடிக்கும். பட்டம் முடித்தது வேலை அல்ல. "ஆஃப்டர் ஃபினிஷிங் தி டிகிரி, ஹி வாஸ் ஆஃபர்ட் எ ஜாப்."

டியூ டு, பிகாஸ் ஆஃப்

மரபான விதிப்படி 'டியூ டு' பெயரோடு ஒட்டும், 'பிகாஸ் ஆஃப்' வினையோடு ஒட்டும். "தி டிலே வாஸ் டியூ டு ரெயின்": தாமதம் என்ற பெயரைச் சொல்கிறது, சரி. "தி ட்ரெயின் வாஸ் டிலேய்ட் டியூ டு ரெயின்": தாமதப்பட்டது என்ற வினைக்குக் காரணம் சொல்கிறது, எனவே 'பிகாஸ் ஆஃப்' வேண்டும். 'டியூ டு' இருக்குமிடத்தில் 'காஸ்ட் பை' போட்டுப் பாருங்கள், பொருந்தினால் 'டியூ டு' சரி. பேச்சிலும் செய்தித்தாளிலும் இன்று இந்த வேறுபாட்டை யாரும் பார்ப்பதில்லை. ஆனால் தேர்வில் இரண்டு விடைகள் இந்த ஒரு சொல்லில் மட்டும் வேறுபட்டால், மரபு விதியின் பக்கம் நில்லுங்கள்.

'வித்' என்று தொடங்கிப் பெயரையும் 'இங்' வடிவத்தையும் சேர்த்து வால் ஒட்டுவது இன்னொரு சந்தேகப் புள்ளி. "தி ஃபர்ம் ஹேஸ் த்ரீ ஃபேக்டரீஸ், வித் தி லார்ஜஸ்ட் பீயிங் இன் ஓசூர்." இலக்கணப்படி முழுத் தவறு என்று சொல்ல முடியாது. ஆனால் "தி லார்ஜஸ்ட் ஆஃப் விச் இஸ் இன் ஓசூர்" என்று இன்னொரு விடை இருந்தால் யோசிக்காமல் அதை எடுக்கலாம்.

ஜோடிச் சொற்கள்

'போத்', 'ஐதர்', 'நாட் ஒன்லி' வந்தால் அதன் வலப்பக்கம் ப்ரிபொசிஷன் இருக்கிறதா என்று பாருங்கள். இருந்தால் இரண்டாவது பாதியிலும் வேண்டும். "போத் இன் இந்தியா அண்ட் ஸ்ரீலங்கா" தவறு, "போத் இன் இந்தியா அண்ட் இன் ஸ்ரீலங்கா" அல்லது "இன் போத் இந்தியா அண்ட் ஸ்ரீலங்கா." 'பிட்வீன்' என்றால் 'அண்ட்'தான் துணை, "பிட்வீன் 10 டு 20" கூடாது. "பிட்வீன் யூ அண்ட் ஐ" என்பதில் 'ஐ' போய் 'மீ' வர வேண்டும். "ஹி இஸ் இன்ட்ரஸ்டட் அண்ட் குட் அட் செஸ்" என்பதில் 'இன்ட்ரஸ்டட்'டுக்குச் சேர வேண்டிய 'இன்' பசியோடு நிற்கிறது: "இன்ட்ரஸ்டட் இன் அண்ட் குட் அட் செஸ்."

ஒரு கேள்வியை முழுதாகப் பிரித்துப் பார்ப்போம்

"லைக் தி ஃபார்மர்ஸ் ஆஃப் தஞ்சாவூர், தி கிராப் ஆஃப் தி ஃபார்மர்ஸ் இன் திருவாரூர் டிபெண்ட் ஆன் வாட்டர் ஃப்ரம் மேட்டூர் டேம் டியூ டு லோ ரெயின்ஃபால் இன் ஜூன்."

அ) மாற்றம் தேவையில்லை.
ஆ) லைக் தி ஃபார்மர்ஸ் ஆஃப் தஞ்சாவூர், தி கிராப் ஆஃப் தி ஃபார்மர்ஸ் இன் திருவாரூர் டிபெண்ட்ஸ் ஆன் வாட்டர் ஃப்ரம் மேட்டூர் டேம் பிகாஸ் ஆஃப் லோ ரெயின்ஃபால் இன் ஜூன்.
இ) லைக் தி ஃபார்மர்ஸ் ஆஃப் தஞ்சாவூர், தோஸ் ஆஃப் திருவாரூர் டிபெண்ட் ஆன் வாட்டர் ஃப்ரம் மேட்டூர் டேம் பிகாஸ் ஆஃப் லோ ரெயின்ஃபால் இன் ஜூன்.
ஈ) லைக் தஞ்சாவூர், தி ஃபார்மர்ஸ் ஆஃப் திருவாரூர் டிபெண்ட் ஆன் வாட்டர் ஃப்ரம் மேட்டூர் டேம் பிகாஸ் ஆஃப் லோ ரெயின்ஃபால் இன் ஜூன்.

மூல வாக்கியத்தில் எட்டுத் துண்டுகள் இருக்கின்றன. எட்டையும் அடித்தால் மிஞ்சுவது "தி கிராப் டிபெண்ட்." ஒருமைக்குப் பன்மை வினை, அ போயிற்று. ஆ அதைத் திருத்தியிருக்கிறது, 'டியூ டு'வையும் மாற்றியிருக்கிறது. அவசரத்தில் இதைக் குறித்துவிட்டுப் போகிறவர்கள் அதிகம், ஏனென்றால் கண்ணில் பட்ட இரண்டு பிழையும் சரியாகிவிட்டன. ஆனால் தொடக்கத்து 'லைக்' விவசாயிகளைப் பயிரோடு ஒப்பிடுகிறது. ஈ-யில் மாவட்டம் விவசாயிகளோடு ஒப்பிடப்படுகிறது. இ-யில் 'தோஸ்' என்பது விவசாயிகளைக் குறிக்கிறது. ஆட்களுக்கு ஆட்கள், பன்மைக்கு 'டிபெண்ட்', சார்ந்திருப்பதற்கான காரணத்துக்கு 'பிகாஸ் ஆஃப்'. விடை இ.

எஸ்எஸ்சி நடத்தும் பட்டதாரிகளுக்கான சிஜிஎல் தேர்வின் முதல் கட்டத்தில் 60 நிமிடத்துக்கு 100 கேள்விகள், அதாவது ஒன்றுக்குச் சராசரி 36 நொடி. தவறான விடைக்கு அரை மதிப்பெண் போகும். எட்டுத் துண்டையும் அங்கே தமிழ்ப்படுத்த நேரம் இருக்காது. வினையைப் பிடித்து அதன் எழுவாயைத் தேடுங்கள். பிறகு தொடக்கத் துண்டு. அதிலும் சிக்கவில்லை என்றால் வால் துண்டு. வீட்டில் மட்டும் முழு முறையையும் செய்யுங்கள். ஆங்கில நாளிதழின் தலையங்கத்தில் தினம் பத்து வாக்கியம் எடுத்து, சாய்கோடு போட்டு, ஒவ்வொரு துண்டிலிருந்தும் அது ஒட்டும் சொல்லுக்கு ஓர் அம்புக்குறி வரைந்தால் போதும்.

இப்போதே கை வைத்துப் பார்க்க நான்கு வாக்கியங்கள்:

1. "தி லிஸ்ட் ஆஃப் கேண்டிடேட்ஸ் ஃபார் தி போஸ்ட்ஸ் ஹேவ் பீன் பப்ளிஷ்ட்."
2. "விதௌட் செக்கிங் தி டயர்ஸ், தி கார் வாஸ் ட்ரிவன் டு சேலம்."
3. "பை யூசிங் திஸ் ஆப் சேவ்ஸ் டைம்."
4. "மோஸ்ட் ஆஃப் தி ஃபர்னிச்சர் இன் தி ரூம்ஸ் ஆர் நியூ."

முதலாவதில் 'லிஸ்ட்' எழுவாய், 'ஹேஸ்' வேண்டும். இரண்டாவதில் டயரைச் சோதிக்காதது கார் இல்லை. "ஹி ட்ரோவ் தி கார் டு சேலம்" என்று ஆள் வர வேண்டும். மூன்றாவதில் 'பை'யை எடுத்துவிடுங்கள். நான்காவதில் 'மோஸ்ட்' இருப்பதால் அடுத்த துண்டுக்குள் எட்டிப் பார்க்க வேண்டும், அங்கே இருப்பது 'ஃபர்னிச்சர்'. அது எண்ணிக்கைக்கு உட்படாத பெயர் என்பதால் 'இஸ்'. 'ரூம்ஸ்' வெறும் தூண்டில்.